பொதுச் சந்தை எந்தக் கிழமை?

வெள்ளிமலைப் பேருந்தில் என் பக்கத்தில் இருந்தவருக்கு நரைத்த மீசை. கருத்த, மெலிந்த கைகள். மகளுக்கு வாங்கிய கண்ணாடி வளையல்கள் உடையாமலிருக்க, வண்டி குலுங்கும்போதெல்லாம் மடியிலிருந்த பையை உயர்த்திப் பிடித்தார். தேர்வுக்காக நான் ஐரோப்பிய நாடுகள் இணைந்து பொதுச் சந்தை அமைத்த வரலாற்றை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

“பொதுச் சந்தையா? எந்தக் கெழமை தம்பி?”

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். “வாரச் சந்தை இல்லீங்க. சண்டை போட்ட பக்கத்து நாடுங்க ஒண்ணா சேந்து வச்சது.”

“எங்க ஊரும் சம்பந்தி ஊரும் கோயில் தகராறுல பேசறதில்ல. பொண்ணுக்கு ஏழு மாசம். சந்தையிலதான் பாத்துக்கினு இருக்கேன். வளையல அங்கயா போடறது?” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “அந்த நாடுங்கள்ல யாரு மொதல்ல போய்ப் பேசனது?”

புத்தகத்தைப் புரட்டினேன். “அடி வாங்குன நாடுதான் கூப்டுச்சாம். ‘நம்ம ரெண்டு பேரு நிலக்கரி, இரும்பு எல்லாம் பொதுவுல இருக்கட்டும்’னு.”

“இன்னா தம்பி இது! அப்ப அடி வாங்குன நாங்கதான் போவணும்போல.”

சந்தைக்காக வெள்ளிமலைக்குச் சீட்டு எடுத்திருந்தவர், வழியிலேயே மகள் ஊருக்குப் பிரியும் பாதையில் இறங்கிக்கொண்டார்.

தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. அவரை அந்த வீட்டில் ‘வாங்க’ என்றார்களா என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.