மேல்வீட்டக்கா இறங்கி வந்த நாள்

கட்டுமான இடத்தில் எல்லாரும் அவளை மேல்வீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வேலை பார்ப்பது அறுபது மீட்டர் உயரத்தில், கோபுரக் கிரேனின் உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டில். ஒரு ஆள் உட்காரலாம், கால் நீட்ட முடியாது. காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறக்கம். கம்பிக் கட்டு, காங்கிரீட் தொட்டி, கண்ணாடிச் சுவர் என்று பதினோரு வருஷமாக எதைக் கொக்கியில் மாட்டினாலும் பூப்போல இறக்கி வைப்பாள். "அக்கா இறக்கினா முட்டைகூட உடையாது" என்று சிக்னல்காரர் புதிதாக வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வார். கீழே நின்று வாக்கி-டாக்கியில் அவளுக்கு வழி சொல்வது அவர் வேலை. அவர் குரலும் அவள் கையும் சேர்ந்தால்தான் கிரேன் அசையும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மனச்சோர்வு வந்தது. இன்னதுதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல எதுவும் நடக்கவில்லை. சோறு ருசிக்கவில்லை, சிரிப்பு வரவில்லை, எழுந்து குளிப்பதே பெரும்பாடாக இருந்தது. மனநல டாக்டர் கொடுத்த மாத்திரைதான் அவளை மெல்ல மெல்ல மனுஷியாக்கிக் கொண்டுவந்தது. ஆனால் இந்த வருஷம் தண்ணீர் டம்ளரைப் பிடிக்கும்போது வலது கையில் மெல்லிய நடுக்கம் தெரிந்தது. வேறு வேலை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். இவள் வேலையில் மேலே விரல் ஆடினால் கீழே டன் கணக்கில் ஆடும். அன்றைக்கே டாக்டரிடம் ஓடினாள். அவர் பழைய மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து, வேறொன்றை ஆரம்பித்தார்.

பத்து நாளில் நடுக்கம் போனது. கூடவே தூக்கமும் போனது.

இரவெல்லாம் இமையோடு இமை ஒட்டவில்லை. தப்பித்தவறி அசந்தால் கலர் கலராகக் கனவு வந்து எழுப்பிவிட்டது. பக்கத்தில் வீட்டுக்காரர் மட்டும் தன் தையல் மிஷினுக்குப் போட்டியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவர் தையல்காரர், துணி தைக்க வருகிறவர்கள் சொல்லும் வைத்தியத்தையெல்லாம் காதில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவார். சூடான பால், வெந்நீரில் கால், ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவது. "எண்ணிப் பார்த்தியாம்மா?" என்று காலையில் கேட்டார். "ஒண்ணு வரைக்கும் வந்துட்டேங்க. திரும்ப ஆயிரத்துக்குப் போகவா?" என்றாள். சிரித்தாளே தவிர, கண் இரண்டும் மிளகாய் போட்டதுபோல் எரிந்தது.

புது மாத்திரை ஆரம்பித்த பதிமூன்றாம் நாள் காலை கம்பிக் கட்டு ஒன்றை ஏழாம் மாடிக்கு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க அக்கா!" என்று வாக்கி-டாக்கியில் சிக்னல்காரர் கத்தினார்.

சட்டென்று நிறுத்தினாள். கட்டு தளத்துக்கு ஒரு முழம் மேலே நின்று ஆடியது. அதன் கீழே யாரும் இல்லை.

"எத்தனை தடவை சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"மூணு தடவை அக்கா."

அவள் காதில் விழுந்தது ஒன்றுதான். கட்டைப் பத்திரமாக வைத்தாள், கிரேனைப் பூட்டினாள், ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கி நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"இன்னைக்கு என்னால ஏற முடியாது சார். மாத்து ஆளைக் கூப்பிடுங்க."

"காய்ச்சலா? லீவ்ல அப்படியே எழுதிட்டுப் போம்மா."

எழுதியிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். மாத்திரை விஷயம் மூன்று வருஷமாக அங்கே யாருக்கும் தெரியாமல் அவள் காத்து வைத்திருந்தது. ஆனால் நாளைக்கும் தூக்கம் வராதே, நாளைக்கு என்ன எழுதுவது?

"காய்ச்சல் இல்ல சார். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறேன். அதை மாத்தினதுல தூக்கம் போயிடுச்சு. சரியாத் தூங்கற வரைக்கும் மேல ஏற மாட்டேன்."

மேனேஜர் முகம் மாறியது. "இத்தனை நாள் சொல்லலையேம்மா. மாத்திரை சாப்பிடறவங்களை எந்தத் தைரியத்துல மேல ஏத்தறது?"

பின்னாலேயே வந்திருந்த சிக்னல்காரர் வாயைத் திறந்தார். "சார், ஒண்ணும் ஆகறதுக்கு முன்னாடி தானா இறங்கி வந்து சொல்றாங்க. இவங்களை நம்பாம வேற யாரை நம்பப் போறீங்க?"

மேனேஜர் லீவ் தாளை எடுத்து ஓரம் வைத்தார். டாக்டர் கடிதம் வரும்வரை கீழே வேலை என்றார். பளு கட்டும் பெல்ட்டுகளையும் கொக்கிகளையும் சோதிக்கும் வேலை. அவள் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுது தீர்த்தாள். அழுது முடித்து முகம் கழுவினபோது மனசு லேசாகத்தான் இருந்தது.

டாக்டர் முதலில் கேட்டது ஒரே கேள்வி. "புது மாத்திரையை எப்போ சாப்பிடறீங்க?"

"பழையதை மாதிரியே. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்."

டாக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். "இது சிலருக்குச் சுறுசுறுப்பைக் கொடுக்கும். காலையில சாப்பிடணும். நான் அழுத்திச் சொல்லியிருக்கணும், சொல்லல. ஆனா நீங்களா நிறுத்திடாம வந்தீங்களே, அது பெரிய விஷயம்."

மாத்திரை காலைக்கு மாறியது. மற்றதையும் டாக்டர் எழுதிக் கொடுத்தார்: தூங்கினாலும் தூங்காவிட்டாலும் ஐந்தரைக்கு எழ வேண்டும், பகலில் சாயக்கூடாது, தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும், கண்ணில் படும் இடத்தில் கடிகாரம் கூடாது. வீட்டுக்காரர் அன்றைக்கே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் மாட்டினார்.

முதல் வாரம் உயிரை வாங்கியது. நடுச்சாமத்தில் எழுந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்தாள். வீட்டுத் துணி தீர்ந்து கடைத் துணிக்கு வந்தாள். துணைக்கு எழுந்து வந்து தூங்கி விழுந்த வீட்டுக்காரரை, "போய்ப் படுங்க. வீட்ல ஒருத்தராவது தூங்கணும்" என்று விரட்டினாள். பகலில் பெல்ட் நூலைப் பார்க்கும்போது கண் சொருகும், எழுந்து நடப்பாள். "நாங்க மேல போறோம், மேல்வீட்டக்கா கீழ்வீட்டுக்கு வந்துட்டாங்க" என்று யாரோ கிண்டல் பண்ணினார்கள். "வாடகை கம்மி" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் அலாரம் அடித்தபோது அவளுக்கு எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. வீட்டுக்காரர் கதவோரம் நின்று வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"நீ குறட்டை விட்டேம்மா! என்னைவிடப் பெரிசா!"

அதன்பின் நடுவில் இரண்டு இரவு சறுக்கியது, அவள் பதறவில்லை. மூன்று வாரம் நிலையாகத் தூங்கியபிறகு டாக்டர் கடிதம் கொடுத்தார். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "வியாழக்கிழமை பாலம் ஏத்தணும். ஏத்தறீங்களா?" என்று கேட்டார். முன்பு 'போம்மா' என்றவர் இப்போது 'ங்க' போட்டார்.

எதிரெதிரே நிற்கும் இரண்டு கட்டடங்களை ஒன்பதாம் மாடியில் இணைக்கும் இரும்புப் பாலம் அது. எட்டு டன். இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளிதான். மாற்று ஆபரேட்டர் அதற்குக் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிவிட்டிருந்தார்.

புதன் இரவு ஏழு மணி நேரம் தூங்கி எழுந்து, காற்று எழும்பும் முன் அவள் ஏணி ஏறினாள். கூண்டில் உட்கார்ந்து கையை முன்னால் நீட்டிப் பார்த்தாள். கல் மாதிரி நின்றது.

"தூக்குங்க அக்கா... மெதுவா... வலது... இன்னும் ஒரு விரல்... நிறுத்துங்க."

நிறுத்து என்ற சொல் முடியுமுன் பாலம் நின்றது. நாற்பது நிமிஷம் இப்படியே விரல் விரலாக நகர்ந்தது. தட்டாமல் உரசாமல் இறங்கிய பாலத்தின் துளைகள் நேருக்கு நேர் சேர, முதல் போல்ட் சுத்தியல் படாமலே உள்ளே போனது. ஒன்பதாம் மாடியில் எழுந்த கூச்சல் கண்ணாடி தாண்டி அவள் காதில் விழுந்தது. ஹெல்மெட்டுகள் பறந்தன, கழற்றியதற்குத் திட்டும் விழுந்தது.

வாக்கி-டாக்கியில் மேனேஜர் குரல் வந்தது. "அக்கா, பிரமாதம்! வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"முதல் தடவையே நல்லாக் கேட்டுச்சு சார், ஆனாலும் இன்னொரு தடவை சொல்லுங்க!" என்று அவள் வானத்துக்கு நடுவே உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.