கழுவிக் கொடுத்த கேன்கள்

வயலில் புல்லுக்கு அடிக்கும் மருந்தின் நெடி சவர்க்காரத்துக்குப் போகாது. கிழக்கிலங்கையில், எங்கள் ஊரான நிந்தவூரில் அதை "எண்ணெய்" என்போம். எனக்குப் பதினொரு வயதான மாரிகாலத்தில், சூறாவளி அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள், அந்த நெடி என் உள்ளங்கையில் இருந்தது.

கடலையொட்டிய உப்புநீர்க் களப்பின் நடுவேயிருந்த திட்டில் இருபது தமிழ்க் குடும்பங்கள் மீன்பிடித்து வாழ்ந்தன. அவர்களுடைய கிணறுகளில் கடல் புகுந்துவிட்டது, பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று செய்தி வந்ததும் வாப்பா தன் உழவு இயந்திரத்தில் தண்ணீர் கொண்டுபோகப் புறப்பட்டார். வெறும் கேன்கள் சேர்ப்பது எங்கள் தெருப் பிள்ளைகளின் வேலை. எல்லோரையும்விட அதிகம் கொண்டுவந்து பேர் வாங்க வேண்டுமென்ற ஆசையில், ஒரு வயற்காரரின் கொட்டிலில் கிடந்த கேனையும் கேட்காமல் எடுத்து, மணல் போட்டுத் தேய்த்துக் கழுவி, மற்றவற்றோடு வைத்துவிட்டேன். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. எங்கள் கிணற்றிலிருந்து உம்மா அவற்றை நிரப்பினார்.

நானும் வாப்பாவோடு போனேன். களப்புக் கரையில் கணேசன் என்ற மீனவர் திட்டிலிருந்து தோணியோடு வந்து காத்திருந்தார். கேன்களை ஏற்றிக்கொண்டு அவர் போன பிறகு, உம்மா தந்துவிட்ட பணிஸை வாயருகே கொண்டுபோனபோதுதான் அந்த நெடி மூக்கில் ஏறியது. அது எந்தக் கேனிலிருந்து கைக்கு வந்ததென்று உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. தோணி சின்னதாகிச் சின்னதாகி, நடுக்களப்பைத் தாண்டும்வரை பணிஸைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

"வாப்பா, ஒரு கேன்ல முந்தி எண்ணெய் இரிந்த."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவரோ கரையோரம் ஓடி, இரண்டு கைகளையும் வீசிக் கத்தினார். காற்று எதிராக அடித்தது. கணேசன் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் நின்ற இன்னொரு மீனவரின் சிறுதோணியில் வாப்பா என்னைத் தூக்கிப் போட்டார்.

"அழாத. எந்தக் கேன் எண்டு நீதான் காட்டணும்."

நீந்தத் தெரியாத வாப்பா, திட்டை நெருங்கியதும் இடுப்பளவு நீரில் குதித்து, "குடிக்காதீங்க! குடிக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினார். குடங்களோடு வரிசையில் நின்ற பெண்கள் திகைத்துப் பார்த்தார்கள். முன்னால் நின்றவளின் நாலு வயது மகள் ஒரு கோப்பைத் தண்ணீரை ஏற்கெனவே குடித்து முடித்திருந்தாள்.

"என்ன காக்கா, தந்த தண்ணியக் குடிக்க வேணாம் எண்டு சொல்றீங்க?" என்று வாப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கேட்டாள் தாய்.

வாப்பா விஷயத்தைச் சொன்னார். நான் ஒவ்வொரு கேனாகத் திறந்து முகர்ந்தேன். எல்லாவற்றிலும் அதே நெடி. நெடி என் கையில் இருந்ததால் எந்தக் கேனைத் தொட்டாலும் அதுதான் வந்தது. எனக்குப் பின்னால் முகர்ந்தவர்களும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கேனைக் காட்டினார்கள்.

"எல்லாத்தையும் ஊத்துங்க," என்று சொல்லி, அந்தத் தாயே முதல் கேனை மணலில் கவிழ்த்தாள். தாகத்தோடு நின்ற பிள்ளைகள் தண்ணீர் மணலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கணேசன் ஊரிலிருந்து குடங்களில் புதுத் தண்ணீர் எடுத்துவரப் போனார். வாப்பா அந்தச் சிறுமியின் அருகிலேயே உட்கார்ந்து, "வயிறு நோகுதா மகள்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பின்னேரத்து அஸர் தொழுகையையும் அவளை விட்டு எட்டிப் போகாமல் அங்கேயே மணலில் தொழுதார். அவள் கண்கள் செருகியபோது எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தாய் உலுக்கினாள். கண் விழித்த சிறுமி, பசிக்கிறது என்று சிணுங்கினாள்.

குடங்கள் வந்ததும் முதல் கோப்பையை எல்லோர் முன்னாலும் வாப்பா குடித்தார். புறப்படும்போது அந்தத் தாய் என் பக்கம் குனிந்தாள்.

"உனக்கு எப்ப புள்ள தெரியும்?"

"தெரிஞ்ச உடனே வாப்பாட்டச் சொன்ன நான்."

அவள் என் தலையைத் தடவிவிட்டாள்.

இப்போது அந்தத் திட்டில் குடியிருப்பு இல்லை; அவர்களை எங்கெங்கோ கரைப்பக்கம் குடியேற்றிவிட்டார்கள். அண்மையில் அடித்த புயலுக்கு நிவாரணம் சேர்த்தபோது, மூடி உடையாத தண்ணீர்ப் போத்தல்கள் லொறியில் வந்து இறங்கின. கேன் கேட்டு எந்தப் பிள்ளையும் வீடு வீடாகப் போகவில்லை. போத்தல்களை அடுக்கிக்கொண்டே, திட்டிலிருந்து வந்தவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்தேன். அந்தத் தாயின் பெயர் எனக்குத் தெரியாது. நடுக்களப்பைத் தோணி தாண்டும்வரை நான் பேசாமல் நின்றதை அவளிடம் சொல்ல வேண்டும்.