அத்தையை இறக்கிவிட்டுப் பார்த்தது

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். உத்திரமேரூரில் அரிசி மண்டி வைத்திருந்த நைனாவுக்குச் சகுனம் பார்ப்பவர்களைக் கண்டாலே ஆகாது. கணவனை இழந்த தன் அக்காவை, அதாவது என் அத்தையை, எந்த விசேஷத்துக்குப் போனாலும் வேனின் முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டுதான் போவார். அதைப் பார்த்து உறவினர்கள் முகம் சுளித்தால் அவருக்கு அன்று பசி கூடுதலாக எடுக்கும். அப்படிப்பட்ட மனிதரை மாற்றியது நான். அப்போது ஆறாம் வகுப்பு படித்தேன். விஞ்ஞானத்தில் வகுப்பிலேயே முதல்.

அந்த வேன் மெட்ராஸில் யாரோ ஓட்டி அலுத்துத் தள்ளிவிட்ட பெட்ரோல் வண்டி. காலையில் வீட்டு வாசலில் ஒரே திருகலில் கிளம்பும். நடுவழியில் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் சில நாள் கிளம்பும். சில நாள் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. எல்லோரும் திட்டி ஓய்ந்த பிறகு எதுவும் நடக்காததுபோல் உறுமும். பேட்டரி மாற்றினோம், பிளக் மாற்றினோம், காயில் மாற்றினோம். வாலாஜாபாத் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் விட்டால் அவர் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகுவார். உடனே கிளம்பிவிடும்.

“வண்டில ஒன்னுமே இல்ல மொதலாளி. ஓட்றவன பாருங்க,” என்று சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து டிரைவர்மேல் சந்தேகம். பெட்ரோலை உறிஞ்சி விற்கிறான் என்றார் சித்தப்பா. அம்மா அவனுடைய துண்டைத் துவைத்துத் தருவதாகக் கேட்டு வாங்கி, மறைவாக முகர்ந்து பார்த்தார். நைனா டாங்கியில் குச்சி விட்டு அளந்தார். காவலுக்கு என்னை வேனில் ஏற்றினார்கள். நான் டிரைவரின் கைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான்.

என் அக்காவின் கல்யாணம் செங்கல்பட்டில் என்று முடிவாகியிருந்தது. சாமான் வாங்க அடிக்கடி அங்கே போனோம். வழியில் சாலவாக்கத்தில் அத்தை வீடு. அக்காவைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர் அத்தைதான். கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவது என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் வேனை நிறுத்தினால் அத்தை எல்லோருக்கும் மோர் கொடுப்பார், கதவைப் பூட்டுவார், வந்து ஏறுவார். வண்டி கிளம்பாது.

அன்றும் கிளம்பவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

“நைனா, அத்த ஏறினாத்தான் இப்பிடி ஆவுது. போன தபாவும் இங்கதான் நின்னுது. அதுக்கு முந்தியும் இங்கதான்.”

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இஸ்கோல்ல இத்தான் சொல்லிக் குடுக்கறாங்களா உனக்கு?”

“சோதன பண்ணிப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்துகிறாங்க.”

அத்தைதான் முதலில் சிரித்தார். “கொயந்த கேக்கறதுல இன்னா தப்பு தம்பி? எறங்கிப் பாத்தா போவுது.” மெதுவாக இறங்கினார். டிரைவர் பானெட்டைத் திறந்து பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. ஏறித் திருகினான். வண்டி கிளம்பியது.

அத்தையின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. “ஏறுக்கா,” என்று நைனா சொன்னார், அவரைப் பார்க்காமல். அத்தை ஏறவில்லை. “நீங்க போய்ட்டு வாங்க,” என்றார்.

ஊர் சொன்னபோது நம்பாத நைனா, சோதனை செய்து பார்த்ததால் நம்பினார்.

அடுத்த வாரம் டிரைவரும் நானும் மட்டும் வாலாஜாபாத்துக்கு ஒரு சரக்குக் கொண்டுபோனோம். திரும்பும் வழியில் நிறுத்தி ஆளுக்கொரு சோடா குடித்தோம். ஏறி உட்கார்ந்தால் வண்டி கிளம்பவில்லை. அத்தை அங்கிருந்து எவ்வளவோ தூரத்தில், தன் வீட்டில் இருந்தார். டிரைவர் என்னையே பார்த்தான்.

“வூட்ல சொல்லிக்கினு இருக்காத தம்பி. அவங்க பேர்லயே இருந்துட்டுப் போவட்டும். இல்லாங்காட்டி மறுபடி என் தலைலதான் விடியும்.”

நான் சொல்லவில்லை. அவனுக்காக இரங்கி அல்ல. என் கண்டுபிடிப்பைச் சித்தப்பா மண்டிக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது பொய்யாகிப்போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

கல்யாணத்துக்கு அத்தையை பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டார்கள். சாலவாக்கத்தில் பஸ்ஸுக்காக அவர் சாலையோரம் நின்றிருந்தார். “நிறுத்தாத,” என்றார் நைனா. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். வேன் நிற்காமல் செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு தொந்தரவும் இல்லை. “பாத்தியா?” என்று சித்தப்பா என் முதுகில் தட்டினார். அத்தை வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

பிற்பாடு நான் பௌதிகம் படித்தேன், கல்லூரியில் பாடமும் நடத்தினேன். ஓடும்போது காற்று பட்டுக்கொண்டிருக்கும் பெட்ரோல் குழாய், வண்டியை நிறுத்தியதும் பக்கத்து இன்ஜின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. சற்று நேரம் ஆறவிட்டால் சரியாகிவிடும். எங்களை நிறுத்தி மோர் கொடுத்ததுதான் அத்தை செய்த குற்றம். இதை நான் தெரிந்துகொண்டபோது அவர் உயிரோடு இருந்தார். ஒரு தபால் அட்டையில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அக்காவின் கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து, உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் அத்தையோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். சாலவாக்கத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தார். பஸ் நிறையக் கூட்டம். எங்களுக்கு உட்கார இடம் கிடைத்திருந்தது. டிரைவர் கிளப்பிப் பார்த்தார், இன்ஜின் முனகி அடங்கியது. மறுபடியும் அப்படியே. யாரோ பின்னாலிருந்து, “இன்னாபா, தள்ளணுமா?” என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு, ஒருவரையும் இடிக்காமல் கூட்டத்துக்குள் புகுந்து கீழே இறங்கினார். அடுத்த முறை பஸ் கிளம்பிவிட்டது.

“நீ போ கண்ணு, நான் அடுத்ததுல வரேன்,” என்றார் கீழிருந்து.

எதையோ மறந்துவிட்டார் போல, எடுத்து வரப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன்.