சம்பந்தியம்மாவின் பிடிவாதக் குதிரை

மூன்று வருடங்களுக்கு முந்தைய ஆகஸ்ட் மாதம். மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் எங்கள் அபார்ட்மெண்டில் மின்விசிறிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து லீவை அனுபவித்துக்கொண்டிருந்தேன். ஒரு கர்தெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், எனக்குச் சமையல் வேலை. கோடைக்காக அதை மூடியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மகன் போன் எடுத்தான்.

“அம்மா, இவளின்ர அம்மா ஏணியால விழுந்து கணுக்கால் முறிஞ்சு போச்சு. எங்கள் ரெண்டு பேருக்கும் லீவு இல்லை. நீங்கள் ஒரு கிழமை போய் நிக்கிறீங்களோ?”

என் மருமகள் பிரெஞ்சுக்காரப் பிள்ளை, இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய அம்மா புரோசார்ட் நகரத்தையும் தாண்டி, சோளக் காணிகளுக்கு நடுவில் ஒரு குதிரையோடு தனியாக வாழ்பவர். பிள்ளைகளின் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் நத்தார் பண்டிகைக்குத்தான், அதுவும் கிறிஸ்துமஸ் அன்று மட்டும், சந்திப்போம். நான் கும்பிடப் போவேன், அவர் கன்னத்தில் முத்தமிட வருவார், என் கூப்பிய கை அவர் கழுத்தில் இடிக்கும். அதற்குமேல் எங்கள் உறவு வளரவில்லை. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் மூன்று வயதுப் பிள்ளைகளோடு பேசுகிற பிரெஞ்சு. ‘மெதுவாக’, ‘கை கழுவு’, ‘பிராவோ, எல்லாம் சாப்பிட்டுவிட்டாயே!’ இதை வைத்துக்கொண்டு ஒரு சம்பந்தியோடு என்ன கதைப்பது?

ஆனாலும் போனேன். சமையல் செய்து கொடுத்து, வீட்டைக் கூட்டி, நல்ல பெயரோடு திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

முதல் நாள் காலையிலேயே சம்பந்தியம்மா என் கையில் ஒரு சோடி ரப்பர் சப்பாத்தைத் தந்தார். பிறகு ஊன்றுகோலால் லாயத்தைக் காட்டினார். என் வேலை சமையலறையில் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குதிரையின் பெயர் கப்பொரால். பட்டாளத்துப் பதவிப் பெயராம். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, என் தலைக்கு மேலே அதன் முதுகு. ஆட்டைவிடப் பெரிய மிருகத்தின் பக்கத்தில் நான் அதற்குமுன் நின்றதே இல்லை. “போன்ஜூர்” என்றேன். வேறு என்ன சொல்வது?

கப்பொரால் நல்ல சவாரிக் குதிரைதானாம். ஆனால் அந்த வசந்தத்திலிருந்து ஒரு வியாதி பிடித்திருந்தது. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் நீண்ட மண்பாதையின் முடிவில் ஒரு தபால் பெட்டி உண்டு. யார் ஏறினாலும் அதுவரைக்கும் போவான். அங்கே நாலு காலையும் ஊன்றி நிற்பான். பிறகு விறுக்கென்று திரும்பி லாயத்தைப் பார்த்து நடையைக் கட்டுவான். சம்பந்தியம்மா குதிகாலால் தட்டிப் பார்த்தாராம், இறங்கி இழுத்துப் பார்த்தாராம், வாய் வலிக்கத் திட்டியும் பார்த்தாராம். இந்தப் பக்கத்தில் கோபம் வந்தால் மாதா கோவிலில் பூசைக்கு வைக்கிற கிண்ணம், பெட்டி எல்லாவற்றின் பெயரையும் வரிசையாகச் சொல்லித் திட்டுவார்கள். அதற்கும் அவன் அசையவில்லை.

சுற்றுலாக்காரருக்குக் குதிரைச் சவாரி நடத்தும் ஒருவர் சனிக்கிழமை வந்து பார்க்கப்போகிறார் என்றார் சம்பந்தியம்மா. பிடித்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவார். “கால் இப்படி. குதிரை அப்படி. நான் என்ன செய்ய?” என்று பிரெஞ்சில் மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். கணவர் இறந்த வருடம் வாங்கிய குதிரை அது என்று மருமகள் முன்பே சொல்லியிருந்தாள்.

அவன் திருந்திவிட்டால் கொடுக்கவேண்டியதில்லை. சனிக்கிழமைக்குள் அவனைத் திருத்த அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. நான் கயிற்றைப் பிடித்து அவனைத் தெருப் பக்கம் நடத்திக்கொண்டு போகவேண்டும். திரும்பினால் விடக்கூடாது. லாயத்துக்கு முன்னாலேயே வட்டம் வட்டமாக ஓடவைக்க வேண்டும். வீட்டு வாசல் என்றாலே வேலை, தூரப் போனால்தான் ஓய்வு என்று அவன் மண்டையில் ஏறவேண்டும். சம்பந்தியம்மா வராந்தாவில் காலை ஸ்டூலில் வைத்துக்கொண்டு அங்கிருந்து கத்துவார். அவர் “நோன்! நோன்!” என்று கத்துவது எனக்கா, குதிரைக்கா என்று கடைசிவரை தெரியவில்லை.

அவன் திரும்பினான். நான் வட்டமடிக்க வைத்தேன். தண்டனை அவனுக்குத்தான், ஆனால் கயிற்றின் மற்ற நுனியில் ஓடியது நான். ஐம்பத்தைந்து வயதில், ரப்பர் சப்பாத்தோடு. முடிந்ததும் லாயத்துக்குள் கொண்டுபோய்க் கட்டினால், அவன் மூச்சு வாங்கியபடி என்னைப் பார்ப்பான். அந்தப் பெரிய கண்ணைப் பார்த்தால் யாருக்குத்தான் மனம் கேட்கும்? காலையில் சாம்பாருக்கு நறுக்கிய கரட்டில் கொஞ்சம் என் பையில் இருந்தது. சுவருக்குப் பின்னால் நின்று ஊட்டிவிட்டேன். “களைச்சுப் போனியேடா ராசா, சாப்பிடு” என்றேன். பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே.

கப்பொரால் திருந்தவில்லை. நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு போனான். தபால் பெட்டிவரை போனவன் அடுத்த நாள் ஆப்பிள் மரத்தடியிலேயே திரும்பினான். அதற்கடுத்த நாள் லாயத்து வாசலைத் தாண்டி நாலு அடி வைத்துவிட்டு, ‘போதும் தானே?’ என்பதுபோல என்னைப் பார்த்தான். சம்பந்தியம்மா தலையில் கைவைத்தார். இப்படி ஒரு குதிரையைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்றார்.

அன்று மாலை ஊன்றுகோல் சத்தம் கேட்காத அளவுக்கு நான் கொஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் லாய வாசலில் சம்பந்தியம்மா. என் கையில் கரட். குதிரையின் வாயில் கரட். மறைக்க ஒன்றுமில்லை.

“எப்போதிலிருந்து?” என்று கேட்டார்.

“முதல் நாள்.”

அவர் வைக்கோல் கட்டில் மெல்ல உட்கார்ந்தார். “மதாம், அவன் திரும்பி வருகிறான். நீங்கள் சம்பளம் கொடுக்கிறீர்கள்.”

வீடு திரும்பிய பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்காமல் இருக்க என்னால் ஏலாது என்று சொல்ல நினைத்தேன். அதற்குரிய பிரெஞ்சு என்னிடம் இல்லை. “அவனுக்குப் பசி” என்றேன்.

“அவன் குதிரை. அவனுக்கு எப்போதும் பசிதான்.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஆனால் ஒரு கேள்வியும் வந்தது. நான் வந்தது இந்தக் கிழமை. வியாதி தொடங்கியது வசந்தத்தில். “எனக்கு முன்னால் ஆர் குடுத்தது?” என்று பாதித் தமிழும் பாதி பிரெஞ்சுமாகக் கேட்டுவிட்டேன்.

சம்பந்தியம்மாவின் முகம் மெல்லச் சிவந்தது. ஒவ்வொரு சவாரியும் முடிந்து லாயத்து வாசலுக்கு வந்ததும் ஓர் ஆப்பிள் கொடுத்து வந்திருக்கிறார். வசந்தத்தில்தான் தொடங்கினாராம். “வீட்டுக்கு ஆசையாக ஓடி வருகிற ஒரே ஆள் இவன்தான்” என்றார். மகளும் என் மகனும் நத்தாருக்கு மட்டும் வந்து போவதை நான் நினைத்துக்கொண்டேன். கப்பொரால் என் பையை மூக்கால் துழாவிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாளிலிருந்து சட்டம் மாறியது. வாசலில் வட்டம், தபால் பெட்டியடியில் ஓய்வும் கரட்டும். குதிரைகள் கெட்டிக்காரர்கள். வெள்ளிக்கிழமைக்குள் அவனே என்னைத் தபால் பெட்டிக்கு இழுத்துக்கொண்டு போகத் தொடங்கினான்.

“இனி மேலே ஏறிப் பார்க்கவேண்டும்” என்றார் சம்பந்தியம்மா. நான் சுற்றிலும் பார்த்தேன். எங்களைத் தவிர அங்கே இரண்டு பூனைகள்தான் இருந்தன.

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். அவருடைய தலைக்கவசம், ஒரு பால் பெட்டி, மூன்று தரம் முருகா. சேணத்தில் உட்கார்ந்ததும் கீழே பார்த்தேன், பிறகு பார்க்கவில்லை. கப்பொரால் நேராக, அழகாக, ஒரு இடத்திலும் தயங்காமல் தபால் பெட்டிக்குப் போனான். அங்கே நின்றான். நான் குனிந்து கரட்டைக் கொடுத்தேன். பெருமையாக வராந்தாப் பக்கம் கை காட்டினேன்.

பிறகு அவன் அசையவே இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இதுதானே கரட் வரும் இடம்? எங்கே போவான்?

அந்த நேரம் தபால்காரப் பெண்ணின் கார் வந்து நின்றது. அவர் கடிதம் போட ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். கப்பொரால் தலையை உள்ளே விட்டான். அவருடைய மதியச் சாப்பாட்டுப் பை மடியில் இருந்ததுபோல. உள்ளேயிருந்து ஒரு அலறல். பின்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து ஹோர்ன் அடித்தது. நான் மேலேயிருந்து காருக்குள்ளே பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னேன்: “மன்னிக்கவும். அவனுக்குப் பசி.”

குதிகாலால் தட்டினேன். கடிவாள வாரை இழுத்தேன். இன்னும் தட்டினேன். இன்னும் இழுத்தேன். அந்த நேரம் கோவில் கிண்ணம், பெட்டி, குத்துவிளக்கு எல்லாவற்றையும் கூப்பிட்டபடி சம்பந்தியம்மா மண்பாதையில் வந்துகொண்டிருந்தார். கால் முறிந்தபின் அவ்வளவு தூரம் அவர் நடந்ததே இல்லை. வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தார், காருக்குள் இருந்த குதிரைத் தலையைப் பார்த்தார், சிரிக்கத் தொடங்கினார். ஊன்றுகோல் ஒன்று நழுவி விழுந்தது. தபால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தேன்.

கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “மதாம், உங்கள் கால் போ என்கிறது. உங்கள் கை நில் என்கிறது. பாவம், அவன் எதைக் கேட்பான்? கையைத் தளரவிடுங்கள்.”

தளரவிட்டேன். மூச்சையும் விட்டேன். கப்பொரால் தலையை வெளியே எடுத்தான், காதை ஒரு தரம் திருப்பினான், தெருவைக் கடந்து நடந்தான். வசந்தத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தபால் பெட்டியைத் தாண்டிப் போகிறான். பின்னால் சம்பந்தியம்மா கைதட்டுகிறார். எனக்கு எப்படி நிறுத்துவதென்று தெரியாது!

சோளக் காணிகளுக்கு நடுவாகப் போய்க்கொண்டே இருந்தோம். இருபக்கமும் என் உயரத்துக்குச் சோளம். பயத்தில் வார் மறந்துபோனது, முருகன் மறந்துபோனார். காப்பகத்தில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிற குரல் மட்டும் தானாக வந்தது. “தூஸ்மான், தூஸ்மான்... மெதுவாக, செல்லம். இப்ப எல்லாரும் நிக்கப் போறம்.” அவன் நின்றான். நல்ல பிள்ளைபோல. “பிராவோ!” என்றேன். மெல்லத் திருப்பி, மெல்ல வந்தோம். சம்பந்தியம்மா நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தபால்காரப் பெண்ணும் டிராக்டர்காரரும்கூடப் போகாமல் நின்றார்கள்.

சனிக்கிழமை குதிரை பார்க்க வந்தவரைச் சம்பந்தியம்மா வாசலிலேயே நிறுத்தி, கொடுக்கிற எண்ணம் இல்லை என்று சொல்லிவிட்டார். வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப எனக்கு மனமில்லை. கோப்பியும் நான் சுட்ட வடையும் கொடுத்தேன். அதைப் பார்த்த சம்பந்தியம்மா, “மதாம், இவரும் திரும்பத் திரும்ப வரப்போகிறார்” என்றார். வந்தவருக்கு நாங்கள் ஏன் அப்படிச் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை.

இப்போதும் வீட்டிலோ வேலையிலோ யாராவது பிடிவாதம் பிடித்தால், கோபம் வருவதற்குமுன் ஒரு கணம் தயங்குகிறேன். இந்தப் பிடிவாதத்தை நானே அவர்களுக்குப் பழக்கிவிட்டேனோ என்று.