தொட்டுப் பார்க்காத பிடரி

பின்லாந்தில் கயானி நகரத்துத் தைமியின் முற்றத்தில் முப்பது வருடம் பனிக்குள் பிள்ளைகள் தூங்கின. வேலைக்குப் போகும் தாய்மார் அவளிடம் விட்டுப்போகும் ஐந்து பிள்ளைகளையும், மதியச் சாப்பாடு ஆனதும் கம்பளிப் பைக்குள் திணித்து, அந்த ஊர் வழக்கப்படி குழந்தை வண்டியோடு வெளியே தூங்க நிறுத்திவிடுவாள். மைனஸ் பத்து டிகிரி வரைக்கும் அவளுக்கு அது குளிரே இல்லை. புதிதாக வந்த தாய் எவளாவது பிள்ளையின் விரலைத் தொட்டுப் பதறினால் தைமிக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"கையத் தொட்டு என்னத்தக் கண்ட? அது எப்பவும் சில்லுனுதான் இருக்கும். பிடரியத் தொட்டுப் பாரு. அது சூடா இருந்தா பிள்ள நல்லா இருக்கு."

கால் மணிக்கொரு தரம் போய் ஐந்து பிடரிகளையும் தொட்டுப் பார்ப்பாள். அவள் மகன் யோவ்னி பிறந்தபோது சுவரோரம் ஆறாவது வண்டி ஒன்று நின்றது. அவன் அழவே மாட்டான். அடுப்பில் சூப் பொங்கும் அவசரத்தில் அவள் அந்தச் சுவர்வரை போனதே இல்லை. "எம் பிள்ள சமத்து. தொட்டுப் பாக்கவே வேண்டாம்" என்று, அவனுக்கு மீசை முளைத்த பிறகும் அவன் காதுபடவே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமை அடித்தாள்.

இப்போது தைமி முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை வரும் யோவ்னி, இந்தத் தடவை கோட்டைக்கூடக் கழற்றாமல் அவள் விரல்களைத் தொட்டான்.

"கை சில்லுனு இருக்கு. இன்னொரு கம்பளி தரச் சொல்றேன்."

"கையத் தொட்டு என்னடா தெரியும்? பிடரியத் தொட்டுப் பாரு" என்று குனிந்து கழுத்தைக் காட்டினாள்.

அவன் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நீதான் சமத்தாச்சேம்மா. தொட்டுப் பாக்கவே வேண்டாம்."