பூஜையில் வைத்த டிரில் மெஷின்

யதுகிரியின் மேல் நின்றுகொண்டு, படியேறி வர இயலாதவர்களையும் நினைவில் வைத்திருக்கும் திருநாராயணன் திருவடிகளே சரணம். இதை எழுதத் துணிந்தேன். முடித்துவைப்பதும் அவன் பொறுப்பு.

இன்று கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசி, ரேவதி நட்சத்திரம். சொன்ன சொல் தவறாத பக்தனின் கதையை வாசித்து, கைசிக ஏகாதசி என்று நாங்கள் போற்றும் நாள். செய்த பிழையை மறைக்காமல் சொல்ல இதைவிடத் தகுந்த நாள் எனக்கு வாய்க்காது.

வீட்டு வேலைக்குத் தள்ளுபடியில் கிடைக்கும் மலிவான கருவிகளை வாங்கலாமா என்று, மைசூரில் எங்கள் தெருவில் உள்ளவர்கள் என்னைக் கேட்பதுண்டு. பணியிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் வீட்டின் சிறு பழுதுகளை நானே சரிசெய்து வந்தவன் என்பதால் கேட்டார்கள். தாராளமாக வாங்குங்கள் என்றே எல்லோரிடமும் சொல்லி வந்தேன். இப்போது யாரும் கேட்பதில்லை.

என் மனைவிக்கு எழுபத்திரண்டு வயது. விடியற்காலையில் குளித்து, மடி உடுத்தி, பெருமாளுக்குத் தளிகை சமைப்பதை ஐம்பது ஆண்டுகளாக ஒருநாளும் பிறரிடம் விட்டவள் அல்லள். முழங்கால் தேய்ந்த பிறகு, குளியலறையிலிருந்து கூடத்துக்கு ஏறும் ஒற்றைப் படியில் அவள் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். கை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. குளிக்காதவன் தொட்டால் மடி போய்விடும். அவள் மீண்டும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

"ஏன்னா, சுவத்துல ஒரு கம்பி வெச்சுக் குடுங்கோ. உங்க கையப் பிடிச்சா திரும்பத் தீர்த்தமாடணும். கம்பியப் பிடிச்சா மடி போகாது" என்றாள்.

"ஐம்பது வருஷமா பிடிச்ச கைய விடக் கம்பி ஒசத்தியாயிடுத்தா?"

"கம்பி எதிர்த்துப் பேசாது" என்றாள்.

தசரா சமயம். நகரம் முழுவதும் விளக்கலங்காரம். கொத்தனார்களும் குழாய் வேலைக்காரர்களும் அகப்படவில்லை. காத்திருந்திருக்கலாம். ஆனால் பெருமாளுக்குத் தொண்டு செய்கிறவளுக்கு என் கையாலேயே இதைச் செய்துகொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது பக்தி என்று அன்று நினைத்தேன். பெரும்பகுதி கர்வம் என்று இன்று தெரிகிறது.

சிவராம்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் தசராத் தள்ளுபடி. டிரில் மெஷின், சுவர் துளைக்கும் பிட்டுகள், திருகாணிகள் எல்லாம் ஒரே பெட்டியில், நல்ல கடைகளில் மெஷின் மட்டும் விற்கும் விலையில் பாதிக்கும் குறைவாக. எஃகுக் கைப்பிடியை மட்டும் வேறிடத்தில் உறுதியானதாகப் பார்த்து வாங்கினேன். பெட்டியைப் பிரித்தபோது அடுத்த நாள் ஆயுத பூஜை என்பது நினைவுக்கு வந்தது. மெஷினைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, பெருமாளுக்கு முன்னால் வைத்தேன். அன்று கருவியைத் தொடுவதில்லை. விஜயதசமியன்றுதான் கையில் எடுத்தேன்.

கொல்லைச் சுவரில் சோதித்துப் பார்த்தேன். மெஷின் பெரிதாக அலறியது. துளை நகக்கண் ஆழத்துக்கு மேல் இறங்கவில்லை. கருகிய வாசனை வந்தது. பிட்டின் முனை நீலம் பாரித்திருந்தது. மறுநாளே கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்றேன். கடைக்காரர் ஹனூர் பக்கத்துத் தமிழர். பெட்டியைத் திறந்தவர் மெஷினைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டார்.

"சாமி, மேல குங்குமம் இருக்குதுங்களே."

"ஆயுத பூஜையாச்சே, வெச்சேன்."

"அப்ப வாபஸ் எடுக்க மாட்டனுங்க. பூஜையில வச்சத இன்னொருத்தருக்கு வித்தா எனக்கு ஆகுமுங்களா? பெரியவங்க நீங்களே சொல்லுங்க."

"கருகற வாசனை வரதே."

"புதுசுல அப்படித்தானுங்க. நாலு ஓட்டை போட்டா போயிரும். சாமி கும்பிட்ட மெஷினு உங்கள ஏமாத்துமா?"

அவர் பாதி விளையாட்டாகத்தான் சொன்னார். நான் முழுவதுமாக ஏற்றுக்கொண்டேன். பெருமாள் திருமுன் ஒருநாள் இருந்த பொருளைக் குறை சொல்லவும், வேறொன்று வாங்கி அதை ஓரத்தில் போடவும் என் மனம் ஒப்பவில்லை. இரும்புக்கு இல்லாத வலிமையைக் குங்குமம் கொடுக்கும் என்று நம்பிய அறிவீனத்துக்கு வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

அன்று பிற்பகல் குளியலறைச் சுவரில் நான்கு துளைகள் போட்டேன். டைல்ஸைத் துளைப்பதற்குள் இரண்டு பிட்டுகள் மழுங்கின. அதற்குமேல் உள்ளே போகவில்லை. துளைக்குள் திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் முளைகளைப் பாதியாக வெட்டிச் செருகி, பெட்டியிலிருந்த குட்டையான திருகாணிகளை முடுக்கினேன். திருகாணியின் தலைப்பள்ளம் வழுக்கிப்போகும் வரை முடுக்கினேன்; அதையே இறுக்கம் என்று எண்ணிக்கொண்டேன். இரு கையாலும் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அவள் வந்து தடவிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே" என்றாள். அவள் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

பதினோரு நாள் கம்பி நின்றது. பன்னிரண்டாம் நாள் காலை, ஈரப்புடவையோடு படியில் ஒரு காலை வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்தபோது, டைல்ஸோடு பெயர்ந்து அவள் கையிலேயே வந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடினேன். கம்பியை விடாமல் பிடித்தபடியே கிடந்தாள். தூக்கக் குனிந்தேன்.

"தொடாதீங்கோ" என்றாள் முதலில். பிறகு, என் முகத்தைப் பார்த்து, "சரி, தொடுங்கோ" என்றாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. இந்த வயதில் மீண்டும் தனியாக நிற்பாள் என்ற நம்பிக்கையை மருத்துவர் கொடுக்கவில்லை. நான் வற்புறுத்திக் கேட்கவும் இல்லை.

பின்னர் சுவரைச் சரிசெய்ய வந்த குழாய் வேலைக்காரர் துளையில் விரலை விட்டுப் பார்த்தார். "செவுத்தையே தொடலீங்க சாமி. வெறும் டைல்ஸ்தான் புடிச்சிட்டு நின்னிருக்குது" என்றார். தம்முடைய மெஷினை எடுத்து, நான் ஒரு பிற்பகல் முழுவதும் போராடிய இடத்தில் சில நிமிடங்களில் நான்கு துளைகளை ஆழமாக இறக்கினார். புதிய கம்பி இப்போது உறுதியாக இருக்கிறது. அதைப் பிடிக்க ஆள் இல்லை.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மலிவாக வாங்கிய அளவுநாடாவும் சிறு சுத்தியலும் பல ஆண்டுகளாக என்னிடம் உழைக்கின்றன. படம் மாட்டவும், பெட்டி பிரிக்கவும் அவை போதும். ஆனால் ஓர் உயிர் தன் பாரத்தை நம்பி வைக்கப்போகும் வேலைக்கு அப்படிப்பட்ட கருவியைத் தொடாதீர்கள். கருகிய வாசனை வந்தால் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள் அதைவிடத் தெளிவாக எனக்கு எப்படிச் சொல்லியிருப்பான் என்று தினமும் யோசிக்கிறேன்.

இப்போது தளிகை செய்பவன் நான். படைப்பதற்குமுன் ருசி பார்க்கக் கூடாது. அவள் கை அளவறிந்து போட்டது. என் கைக்கு அந்த அளவு தெரியாது. கூடத்துக் கட்டிலில் படுத்தபடி, மணியோசை நின்றதும் கேட்பாள்.

"பெருமாளுக்கு உப்புப் போட்டேளா?"

"போட்டேன்னு நினைக்கறேன்."

"பாவம், அவர் என்ன பண்ணுவார்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அதைப் பற்றிக்கொண்டாவது அழுதிருப்பேன். அவள் நடக்க வேண்டும் என்று இருவேளையும் விண்ணப்பம் செய்கிறேன். நடப்பாள் என்று நம்பிச் செய்யவில்லை. வேறொன்றும் செய்யத் தெரியாததால் செய்கிறேன்.

இதை வாசித்தவர்கள் அனைவரும், உங்கள் இல்லத்து முதியோரும், தம் கால்களால் நடந்து பெருமாளை நெடுங்காலம் சேவிக்கும் பேறு பெறுக. எனக்குக் கிட்டாத அந்தக் காலைப்பொழுது உங்கள் வீட்டில் நாள்தோறும் விடியட்டும்.