செவ்வந்தி சொல்லாமல் விட்ட காட்டாறு

நெல்லிவாசல்நாடு என்ற மலைக்கிராமத்தில் பதினாறு வருடமாகக் கிராம உதவியாளர் செவ்வந்தி. எந்தப் புறம்போக்கு எங்கே முடிகிறது, எந்தப் பாறைக்கடியில் ஊற்று இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதிகாரிகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சைமா வரும்வரை.

வாணியம்பாடிக்காரியான சைமா தாலுகா அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அப்போதுதான் டெல்லியிலிருந்து தகவல் வந்தது. அண்டை தேசங்களிலிருந்து தப்பி வரும் அகதிகளை விசாரித்து, யாரை எந்த நாடு ஏற்பது என்று முடிவுசெய்ய நான்கு நாடுகள் சேர்ந்து ஒரு மையம் கட்டப்போகின்றனவாம். பார்க்க வேண்டிய இடங்களில் நெல்லிவாசல்நாட்டுப் புறம்போக்கும் ஒன்று.

மூன்று நாள் வெயிலில் அலைந்து எல்லைக்கற்களைக் கண்டுபிடித்தவள் செவ்வந்தி. தூதரக அதிகாரிகள் வந்த அன்று முன் ஜீப்பில் ஏறியதோ, இங்கிலீஷ் பேசும் சைமா. செவ்வந்திக்குப் பின் ஜீப்பில், தண்ணீர் பாட்டில் பெட்டிகளுக்கு நடுவே இடம். இடத்தைச் சுற்றிப் பார்த்த அதிகாரிகளில் ஒரு வெள்ளைக்கார அம்மா, சைமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். செவ்வந்திக்கு வயிறு எரிந்தது.

"அக்கா, மழைல இந்த ரோட்டுல வண்டி வருமான்னு கேக்குறாங்க," என்றாள் சைமா.

ஐப்பசியில் காட்டாறு அந்த ரோட்டை அறுத்துவிடும். செவ்வந்திக்குத் தெரியும்.

"எனுக்கு இன்னா தெரியும்? எல்லாம் தெரிஞ்சவ நீதானே, நீயே சொல்லு."

சைமா தயங்கினாள். காய்ந்து கிடந்த ரோட்டைப் பார்த்துவிட்டு, வரும் என்று சொல்லிவிட்டாள். அறிக்கையிலும் அப்படியே ஏறியது.

ஐப்பசியில் மறுபடி வந்த குழு, ஒரு பகல் முழுக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அடுத்த வாரமே கடிதம் வந்தது: இந்த இடம் தோதுப்படாது.

தாசில்தார் ரங்கசாமி எல்லோர் முன்னாலும் சைமாவைப் பார்த்துக் கத்தினார். "நாளைலருந்து வேலைக்கு வராத!"

செவ்வந்திக்கு உள்ளுக்குள் இனித்தது. ஆனால் சைமா, அக்காவைக் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையைக் குனிந்து நின்றாள். அறையிலிருந்த எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். இந்த நல்ல பேரும் இவளுக்கேவா என்று செவ்வந்திக்குப் பொறுக்கவில்லை.

"சார், அது என்னைக் கேட்டுச்சு. ஆறு வரும்னு தெரிஞ்சும் நான்தான் சொல்லல."

"ஏம்மா?"

"வயித்தெரிச்சல் சார். வேற இன்னா?"

சைமாவின் வேலை தப்பியது. செவ்வந்திக்கு மெமோ கொடுத்து ஆலங்காயம் பக்கம் மாற்றினார்கள். மையம் வேறெங்கோ கடற்கரை ஊருக்குப் போனது.

தை மாதம் சைமா ஸ்வீட் பாக்ஸோடு செவ்வந்தியின் வீட்டுக்கே வந்தாள். அந்த வெள்ளைக்கார அம்மா சிபாரிசில் டெல்லியில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"நல்லா இரு," என்றாள் செவ்வந்தி. ஸ்வீட் பாக்ஸைத் திறக்காமலே அலமாரியில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"டெல்லில எலும்பு வரைக்கும் குளிருமாமே?"

"ஆமாக்கா, ரொம்பக் குளிருமாம்."

செவ்வந்திக்கு மனசு கொஞ்சம் ஆறியது.